ஏன்னு சொல்லாத மெஷின்

இந்தப் பக்கம் உட்காரலாமுங்களா? சாக்கை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். நான் காலை இப்படி மடக்கி வெச்சுக்கறேன். கோத்தகிரி வரைக்கும்தானே. மேட்டுப்பாளையத்துல இவ்வளவு கூட்டம் ஏறும்னு தெரிஞ்சிருந்தா கார்லயே வந்திருப்பேன். கம்பெனி கார் இருக்குங்க. எங்க எம்.டி. சார்தான், கார்ல போய் இறங்கினா அந்தப் பொண்ணு இன்னும் முறுக்கிக்குவா, பஸ்ஸுல போ ஜெகதீஸ்னுட்டார். எனக்கு மலைப்பாதைன்னாலே ஆகாது. பேசிக்கிட்டே வந்தா ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?

எந்தப் பொண்ணுன்னு கேக்கறீங்களா. கேக்கலையா? பரவாயில்லைங்க, சொல்றேன்.

நான் கோயமுத்தூர்ல, பீளமேட்டுல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கேன். சின்னக் கம்பெனிதான். ஆனா அங்க டெக் லீட் நான். அதாவது எதை எதுல எழுதணும், எப்படி எழுதணும்னு முடிவு பண்றது என் வேலை. அந்தப் பொண்ணு பேரு பிரமிளா. என் டீம்ல இருந்தவ. போன ஆடியில வேலையை விட்டுட்டுப் போயிட்டா. இப்ப அவளைப் பார்த்துப் பேசி எப்படியாவது கூட்டிட்டு வரணும். வரமாட்டேன்னா, அவகிட்ட இருக்கற ஒரு சாமானையாவது வாங்கிட்டு வரணும். நாளைக்குள்ள அது கைக்கு வரலைன்னா ஒரு குடோன்ல பாதி விதைக்கிழங்கு உள்ளயே மாட்டிக்கிட்டுக் கிடக்கும், இந்தப் போகம் அவ்வளவுதான். என் வேலையும் போயிடும். எது முன்னால போகும்னுதான் தெரியலை.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எனக்குச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாச்சுங்க.

முதல்ல இருந்து சொல்றேன், தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க. மேட்டுப்பாளையத்துல ஒரு கோல்டு ஸ்டோரேஜ். மலையில இருந்து உருளை விதைக்கிழங்கைக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போவாங்க, போகத்துக்கு முன்னால எடுத்துட்டுப் போவாங்க. முன்னெல்லாம் வாய் வார்த்தையும் அடையாளச் சீட்டும்தான். ஒருத்தர் மூட்டையை இன்னொருத்தர் ஏத்திட்டுப் போயிட்டார்னு வருஷா வருஷம் தகராறு. குடோன் முதலாளிக்கு அலுத்துப்போச்சு. ஏதாவது கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுங்கன்னு எங்ககிட்ட வந்தார். நான்தான் பிளாக்செயின்ல பண்ணலாம்னு சொன்னேன்.

கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரே பதிவு பல கம்ப்யூட்டர்ல இருக்கும். எவனும் நினைச்ச நேரத்துக்கு அழிக்க முடியாது, மாத்த முடியாது. மூட்டையை உள்ள வெச்சதும் விவசாயி போனுக்கு ரசீது வந்துடும். அதை அவர் தம்பிக்கு மாத்திக் குடுக்கலாம், பங்கு பிரிச்சு நாலு பேருக்குக் குடுக்கலாம். எடுக்க வரும்போது எல்லா விதியையும் மெஷினே சரிபார்க்கும். சரியா இருந்தா கேட்டுல பச்சை விளக்கு. இல்லைன்னா சிவப்பு. குடோன் முதலாளியே வந்து நின்னாலும் சிவப்புன்னா சிவப்புதான். பச்சை எரியாம கதவு திறக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுத வெச்சேன். அதுதாங்க அதோட அழகே.

இப்ப அந்த விதிகளை ஓட்டறதுக்கு ஒரு மெஷின் வேணும். மெஷின்னா இரும்புல செஞ்சது இல்லைங்க, அதுவும் சாஃப்ட்வேர்தான். வெர்ச்சுவல் மெஷின்னு பேரு. நாம எழுதுற விதியைப் படிச்சுப் படிச்சு நடத்திக் குடுக்கற எஞ்சின்னு வெச்சுக்கங்களேன். அதுல ரெண்டு வகை எங்க முன்னால இருந்துச்சு. ஒண்ணு பழசு. ஈ.வி.எம்.னு சொல்வோம். ஓட்டுப் போடற மெஷின் இல்லைங்க. என் மாமனார் அப்படி நினைச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா என்கூடச் சண்டை போட்டார். இன்னொண்ணு புதுசு. வந்து கொஞ்ச காலம்தான் ஆச்சு.

பழைய மெஷின் இருக்கே, அதை எழுதற பாஷையில நாம பண்ற தப்பையெல்லாம் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கும். ஓட விட்டப்புறம்தான் பல்லைக் காட்டும். ஆனா ஒண்ணு, அதைச் சுத்தி எல்லாச் சாமானும் இருக்கு. எந்த வரியில நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சு, அதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு ஒவ்வொரு படியாப் பின்னால போய்ப் பார்க்கலாம். நமக்கு வர்ற தப்பு நமக்கு முன்னால ஆயிரம் பேருக்கு வந்திருக்கும், இன்டர்நெட்ல தேடினா பதில் கிடைக்கும். காலேஜ் முடிச்ச பசங்களுக்கே தெரியும். புது மெஷின் அப்படி இல்லை. எழுதும்போதே கண்டிப்பு. சின்னப் பிசகு இருந்தாலும் உள்ளேயே விடாது. வேகம் ஜாஸ்தி, ஓட்டற செலவு கம்மி. சாமான்தான் இன்னும் சரியா வரலை. ஓடும்போது எங்கயாவது நின்னுச்சுன்னா ஒரு நம்பரை மட்டும் காட்டும். அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு நாமதான் தேடணும்.

என்ன சொன்னீங்க? ஜீப்பா? ஆமாங்க, உங்க மலையில இன்னும் பழைய ஜீப்தான் ஓடுது, எந்த வளைவுல நின்னாலும் ரிப்பேர் பண்ண ஆள் இருக்கும்கிறீங்க. அட, அச்சு அசலா அவளும் இதையேதான் சொன்னா. மலைக்காரங்க எல்லாம் ஒரே மாதிரிதான் யோசிப்பீங்க போல.

அவளும் இந்தப் பக்கம்தாங்க. படுகர் வீட்டுப் பொண்ணு. கெட்டிக்காரி, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். எந்த மெஷின்னு முடிவு பண்ணச் சொன்னப்போ நான் ஒரு நாள்ல முடிவு பண்ணிட்டேன். புதுசு. அவ என்ன பண்ணினா தெரியுங்களா, ஒரு சின்ன குடோனை ரெண்டு மெஷின்லயும் எழுதிட்டு வந்தா. எழுதினவ அதோட விட வேண்டியதுதானே. ரெண்டையும் வேணும்னே கெடுத்து வெச்சா. மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டினா. பழசு, ரசீதோட பங்குதாரர் இன்னும் ஒப்புதல் குடுக்கலைன்னு வரி நம்பரோட சொல்லுச்சு. புதுசு ஒரு நம்பரைக் காட்டிட்டு நின்னுச்சு. அவ்வளவுதான்.

எம்.டி. சார் என் மூஞ்சியைப் பார்த்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும். நான் சொன்னேன், ஏம்மா, வேணும்னே தப்பா எழுதி ஓட்டினா எந்த மெஷினும் நிக்கத்தான் செய்யும், தப்பே பண்ண விடாத மெஷின் இருக்கும்போது தப்புக்குக் காரணம் சொல்ற சாமான் எதுக்குன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல கேள்விதானே அது? அவ சிரிக்கலை. அவ சொன்னது இன்னைக்கும் காதுலயே இருக்கு.

"அண்ணா, முடியாதுன்னு சொல்ற மெஷின் ஏன்னும் சொல்லணும். கேட்டுல நிக்கறவங்ககிட்ட நான் நம்பரைச் சொல்ல முடியாது."

இது டெக்னிக்கல் பாயின்ட்டுங்களா, நீங்களே சொல்லுங்க. இது மனசு சமாச்சாரம். அவங்க ஊர்க்காரங்க மூட்டை வைக்கிற குடோன், அதனால அவளுக்கு ஒரு இது. வேலைக்கு வந்தா அதையெல்லாம் வீட்டுல விட்டுட்டு வரணும். நான் அதைப் பக்குவமா எடுத்துச் சொன்னேன். எம்.டி. சாரும் சரி, ஜெகதீஸ் பொறுப்புன்னுட்டார். புது மெஷின்னு முடிவாச்சு.

குஞ்சப்பனை வந்தாச்சுங்களா? இன்னும் எத்தனை வளைவு இருக்கோ. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கறேன்.

அவ வேலையில குறை சொல்ல முடியாது. நான் சொன்னபடிதான் எல்லாம் எழுதினா. ஆனா ஓரமா இன்னொண்ணும் பண்ணிக்கிட்டிருந்தா. நான் ஒரு நாள் தற்செயலாத்தான் பார்த்தேன். புது மெஷினுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து, அது செய்யற ஒவ்வொரு வேலையையும் பார்த்து எழுதி வெச்சுக்கிட்டு, அது நின்னுட்டா எதுக்கு நின்னுச்சுன்னு சொல்ற மாதிரி ஒரு சாமான். டிபக்கர்னு சொல்வோம். அதுவும் எப்படிச் சொல்லுது? தமிழ்ல சொல்லுது. இந்த ரசீதுல இன்னாருக்கும் பங்கு இருக்கு, அவங்க ஒப்புதல் வரலை, அப்படின்னு. விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்துச்சு. உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க பண்ண வேண்டிய வேலையை இவ பீளமேட்டுல உட்கார்ந்து பண்றாளாம். ஆறு மாசம் பொறுத்தா அந்த மெஷினைச் செஞ்சவங்களே குடுத்துடப் போறாங்க.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு கூட்டற மாதிரி, கம்ப்யூட்டர்ல தேவையில்லாமக் கிடக்கற புரோகிராமையெல்லாம் சுத்தம் பண்ணுவோம். நான் கொண்டுவந்த வழக்கம்தான் அது. யாராவது பாதியில விட்டது, சும்மா சோதனைக்கு எழுதிப் பார்த்தது, எல்லாத்தையும் எடுத்துடுவோம். அந்த வெள்ளிக்கிழமை அதையும் எடுத்துட்டேன். ஒரு ஒழுங்கு வேணுமில்லைங்களா? நாளைக்கு ஆளாளுக்கு ஒரு சாமான் செய்ய ஆரம்பிச்சா கம்பெனி என்ன ஆகறது.

திங்கக்கிழமை வந்து தேடினா. நான்தான் எடுத்தேன்னு சொன்னேன். மறைக்கலைங்க, நேராவே சொன்னேன். சரிங்கண்ணான்னுட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்தா. அப்ப நான் என்ன நினைப்பேன்? புரிஞ்சுக்கிட்டான்னுதானே நினைப்பேன்.

அதுக்கப்புறம் வேலையை முடிச்சு மெஷின்ல ஏத்தற நேரம் வந்துச்சு. ஏத்தறதுக்கு முன்னால நான் ஒரு வேலை பண்ணினேன், அதைச் சொன்னா நீங்க என்னைப் பாராட்டுவீங்க. நாம எழுதின புரோகிராமுக்குள்ள ஒவ்வொரு விதிக்கும் ஒரு பேரு இருக்கும். அது நமக்குப் புரியறதுக்குத்தான், மெஷினுக்கு அது தேவையே இல்லை. அந்தப் பேரையெல்லாம் உதிர்த்துட்டா புரோகிராம் பாதியாச் சுருங்கிடும், ஏத்தற செலவும் பாதி. உதிர்த்தேன். எம்.டி. சார் கை குடுத்தார். பிரமிளா மட்டும் வந்து, பேரோட இருக்கறதையும் ஒரு காப்பி தனியா வெச்சுக்கலாம், எந்தக் கம்பைலர்ல செஞ்சோமோ அதையும் மாத்தாம அப்படியே பூட்டி வெச்சுக்கலாம்னா. கம்பைலர்ங்கறது நம்ம எழுத்தை மெஷின் பாஷைக்கு மாத்தற சாமான். புது மெஷினுக்கு அது வாரா வாரம் புதுசா வந்துக்கிட்டே இருக்கும். புதுசு வர வர ஏத்திக்கணும்கிறது என் பழக்கம். பழசைக் கட்டிக்கிட்டு அழ எனக்குப் பிடிக்காது. வேண்டாம்னுட்டேன்.

அடுத்த மாசம் ராஜினாமா குடுத்துட்டா. காரணம்னு கேட்டா சொந்தக் காரணம்கிறா. கடைசி நாள் அன்னைக்கு ஆபீஸ் பூரா வர்க்கி குடுத்தா. இங்கதான் நல்லா இருக்கும் பாருங்க, ஊட்டி வர்க்கி. எல்லார்கிட்டயும் கையில குடுத்துச் சிரிச்சுப் பேசினா. நான் மீட்டிங்ல இருந்தேன். திரும்பி வந்தா என் மேஜை மேல ஒரு காகிதத்துல சுத்தி வெச்சிருந்துச்சு. மூணு வருஷம் வேலை கத்துக் குடுத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதுங்களா? எனக்கு மனசு விட்டுப்போச்சு. நான் அதைத் தொடலை. அப்புறம் எறும்புதான் தின்னுச்சு.

போறதுக்கு முன்னால ஒரு நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்னு சொன்னா. கே.டி.ன்னு சொல்வோம், வேலையை விடறவங்க இருக்கறவங்களுக்கு விளக்கிச் சொல்றது. கூப்பிட்டா, நான்தான் போகலை. எனக்கு எதுக்குங்க கே.டி.? டிசைன் என்னது. அவ எழுதினா, அவ்வளவுதானே.

ரிலீவிங் லெட்டரா? உங்களுக்கு அதெல்லாம் தெரியுதே. உங்க மகளும் ஐ.டி.யா? திருப்பூரா, நல்லது. ஆமா, அந்த லெட்டர் இருந்தாத்தான் வேற கம்பெனில சேர்த்துக்குவாங்க. அதுல நான்தான் கையெழுத்துப் போடணும். போடலை. வேணும்னு இல்லைங்க. வேலை சரியா முடியலைன்னு ஒரு சின்னக் குறிப்பு எழுதினேன், அது எச்.ஆர்.ல அப்படியே நின்னுபோச்சு. அவளும் ரெண்டு மூணு தடவை மெயில் போட்டா, அப்புறம் போடறதை விட்டுட்டா. வீட்டுல இருந்துக்கிட்டு யார் யாருக்கோ சின்னச் சின்னதா வேலை செஞ்சு குடுக்கறான்னு கேள்வி. இப்ப பாருங்க, இந்தப் பையிலதான் அந்த லெட்டர் இருக்கு. கையெழுத்துப் போட்டாச்சு. லேமினேட்கூடப் பண்ணிட்டேன். நேர்ல போய்க் குடுத்தா சந்தோஷப்படுவாதானே? ஸ்வீட்டும் வாங்கியிருக்கேன்.

ஒண்ணு எடுத்துக்கறீங்களா? வேண்டாமா? சரி, அவளுக்கே முழுசா இருக்கட்டும்.

மூட்டை உள்ள போறப்போ ஒரு சிக்கலும் இல்லைங்க. நல்லா ஓடுச்சு. சிக்கல் எல்லாம் இப்பத்தான், எடுக்க வரும்போது. கார்போகத்துக்கு விதை எடுக்கணும். எடுத்துட்டுப் போனாலும் உடனே நட முடியாதாமே, வெளியில வெச்சு முளை கட்டணுமாமே. கோடை மழை ஒண்ணு விழுந்ததும் நடணுமாம். உங்களுக்குத் தெரியாததா. இந்த வாரம் ஆரம்பத்துல எடுக்க வந்தவங்கள்ல பாதிப் பேருக்குச் சிவப்பு. ரசீதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சிவப்பு. கூடவே கேட்டுலயும் அவங்க போன்லயும் ஒரு நம்பர், அறுபத்திமூணு. எல்லாருக்கும் அதே அறுபத்திமூணு.

அறுபத்திமூணுன்னா என்னன்னு கேட்டார் எம்.டி. சார். நான் பார்க்கறேன்னேன். பேரைத்தான் உதிர்த்தாச்சே, எந்த விதி தடுக்குதுன்னு எப்படித் தெரியும்? சரி, அதே புரோகிராமை மறுபடி செஞ்சு பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு செஞ்சேன். கம்பைலர் அதுக்குள்ள மாறிப்போச்சு. நம்பரே வேற வேற வருது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை. ஒவ்வொரு விதியா எடுத்து ஓட்டிப் பார்த்தா எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் பச்சை எரியுது, குடோன்ல சிவப்பு. விதியைத் திருத்திப் புதுசா ஏத்தலாம், அதுக்கு வழி இருக்கு. எதைத் திருத்தறதுன்னு தெரியணுமே. தெரியாமத் தொட்டா ஒருத்தர் மூட்டை இன்னொருத்தருக்குப் போயிடும், அப்புறம் பழையபடி வெட்டுக் குத்துதான்.

ஆள் தேடினோம். இந்தப் புது மெஷின் தெரிஞ்சவங்க கோயமுத்தூர்ல இல்லை, பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு நேரம் இல்லை. வந்தவங்க எல்லாரும் ஈ.வி.எம். தெரியும் சார்ங்கறாங்க. அதைக் கேட்கும்போது எம்.டி. சார் என்னைப் பார்க்கற பார்வை இருக்கே. மெஷினைச் செஞ்சவங்களுக்கு ஒரு குரூப் இருக்கு, அதுல கேட்டேன். எங்கயோ வெளிநாட்டுல இருக்காங்க. அடுத்த வெர்ஷன்ல அதுக்கெல்லாம் சாமான் வருது, அதுக்கு மாறிக்கங்கன்னு ஒருத்தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டான்.

அப்பத்தான் டீம்ல ஒரு பையன் வாய் தவறிச் சொன்னான், பிரமிளா அந்தச் சாமானைத் தன் சொந்த லேப்டாப்புலயும் வெச்சிருந்தா, பேரோட இருக்கற காப்பியும் அவகிட்ட இருக்கும்னு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலைங்க. கோபம் வந்துச்சு, கூடவே உயிரும் வந்துச்சு. பேசப் போனா கம்பெனிச் சொத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது தப்புதான். கேஸே போடலாம். நான் பெருந்தன்மையா அதையெல்லாம் பேச வேண்டாம்னு இருக்கேன்.

போன் பண்ணினேன், எடுக்கலை. மலையில சிக்னல் கிடைக்காது, அதான். மெசேஜ் போட்டேன், ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரலை. என்ன எழுதினீங்கன்னா? சாதாரணமாத்தான் எழுதினேன். சின்ன உதவி, அவசரம், கூப்பிடவும்னு.

இன்னைக்குக் காலையில அந்த கோல்டு ஸ்டோரேஜுக்குப் போயிட்டுத்தான் வரேன். ஆபீஸ் ரூம்ல உட்கார வெச்சு டீ குடுத்தாங்க. ஜன்னல் வழியாப் பார்த்தா கேட்டுல ஒரே கூட்டம். முகமெல்லாம் தெரியலை, தலைதான் தெரிஞ்சுது. வாட்ச்மேன்கிட்ட ஒருத்தர் எதுக்குக் குடுக்க மாட்டேங்கறீங்கன்னு கேக்கறார். வாட்ச்மேன் அறுபத்திமூணுங்கிறார். அப்படின்னா என்னன்னு அவர். அறுபத்திமூணுன்னா அறுபத்திமூணுதான்னு வாட்ச்மேன். ஒரு அம்மா, எங்க கிழங்கை ஏதாவது அழுகிப்போச்சா, மறைக்கறீங்களான்னு சத்தம் போட்டாங்க. யாரோ, நம்ம பேரைத் தூக்கிட்டு வேற யாருக்கோ குடுத்துட்டாங்கப்பான்னார். அப்படியெல்லாம் இல்லைங்க. மூட்டை பத்திரமா இருக்கு, கணக்கும் சரியா இருக்கு. அதைப் போய்ச் சொல்லலாம்னு எழுந்தேன். ஆனா அடுத்த கேள்வி என்ன வரும்னு தெரியுமே. குடோன் முதலாளி, நீங்க பின்பக்கமாப் போயிடுங்க தம்பின்னார். அப்படியே பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன்.

பயமாத்தாங்க இருக்கு. பொய் சொல்லக் கூடாது. வீட்டுல லோன் இருக்கு, பையன் ஸ்கூல் இருக்கு. இந்த வயசுல பழைய மெஷினுக்குப் போய் நேத்து வந்த பசங்ககூட உட்கார்ந்து நானும் எழுதக் கத்துக்கிறேன்னா சிரிப்பாங்க. எடுத்த முடிவு சரிதாங்க. இன்னைக்கும் சொல்றேன், புது மெஷின்தான் நல்ல மெஷின். ஆளுங்கதான் சரியா அமையலை. ஒரு பொண்ணு கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவ மட்டும் அந்தச் சாமானை அன்னைக்கே சரியான முறையில அனுமதி கேட்டுச் செஞ்சிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

என்ன? சொல்லியிருப்பேன்கிறீங்களா. நீங்களும் அவ பக்கம்தான்.

அரவேணு தாண்டியாச்சா? நான் கோத்தகிரியில இறங்கி ஆட்டோ பிடிக்கணும். மல்லிஹட்டின்னு ஊரு, மேல எங்கயோ இருக்காம். அந்த ஊர்ல ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வீடுன்னு கேட்டாக் காட்டுவாங்களாம். ஆமா, அவர் மகதான். உங்களுக்குத் தெரியுங்களா? நீங்களும் அந்தப் பக்கமா? அப்ப நல்லதாப் போச்சு. ஒரே ஆட்டோவுல போயிடலாம், காசு நான் குடுத்துடறேன்.

அவகிட்ட என்ன பேசறதுன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டேதான் வரேன். முதல்ல லெட்டரைக் குடுத்துடணும். அப்புறம் வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்கணும். அப்புறம் மெதுவா, அந்தச் சாமானை இப்ப கம்பெனி அங்கீகாரம் பண்ணத் தயாரா இருக்குன்னு சொல்லணும். அங்கீகாரம்கிற வார்த்தை நல்லா இருக்கில்லைங்களா? மன்னிப்புங்கற மாதிரி எதையும் எம்.டி. சார் சொல்லச் சொல்லலை. சொன்னா அவதான் சங்கடப்படுவா.

என்ன காட்டறீங்க? போனா? கண்ணாடி போடாமத் தெரியாதுங்க, இருங்க.

ஓ.

இந்தக் காலிச் சாக்கு குடோன்ல கிழங்கை மாத்திக்கறதுக்கு எடுத்துட்டுப் போனதுங்களா. நான் ஏதோ சந்தைக்குப் போய்ட்டு வர்றீங்கன்னு நினைச்சேன். மேட்டுப்பாளையத்துல இருந்து இது மேலயேதான் காலை வெச்சுக்கிட்டு வந்திருக்கேன். சொல்லியிருக்கலாமேங்க. ஏறினதுமே சொல்லியிருக்கலாமே.

காலையில கேட்டுல எதுக்குக் குடுக்கலைன்னு கேட்டது நீங்கதானா. குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

ஆமாங்க. அறுபத்திமூணுதான். அதேதான். உங்க ரசீதுல ஒண்ணும் தப்பு இருக்காதுங்க. அது வந்து, உள்ள ஒரு விதி, ஏதோ ஒரு விதி. ஜாயின்ட் ரசீதா, தனியா? தனியா. தேதி சரியா இருக்கு. அப்ப அதுவும் இல்லை. இது ஒரு டெக்னிக்கல். இல்லைங்க, மழுப்பலை. நிஜமாவே எனக்குத் தெரியலைங்க.

அப்படிப் பார்க்காதீங்க. ரெண்டு ஏக்கராவா? உழுது போட்டாச்சா. மழை வர்ற மாதிரி மூடிக்கிட்டுத்தான் இருக்கு, நானும் பார்த்துக்கிட்டேதான் வரேன். ஏன்னு மட்டும் சொல்லிட்டாக்கூடப் போதும், வீட்டுல போய்ச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை வேணும்கிறீங்க. எனக்குப் புரியுது. எனக்கும் அதுதாங்க வேணும்.

ஸ்டாண்டு வந்துருச்சு. இறங்கலாம், பார்த்து, பார்த்து.

ஒரு சின்ன உதவிங்க. கோவிச்சுக்காதீங்க. நான் போய்க் கதவைத் தட்டினா அவ திறக்க மாட்டா. உங்களைத் தெரியும்கிறீங்களே. உங்க போனுக்கு வந்த அந்த அறுபத்திமூணை நீங்களே காட்டுங்க. ஏன் குடுக்கலைன்னு நீங்களே கேளுங்க. உங்களுக்குன்னா அவ கட்டாயம் பார்த்துச் சொல்லுவா, அதுக்குத்தானே அதைச் செஞ்சா. என் பேரு இப்போதைக்கு வேண்டாம். லெட்டரையும் அப்புறம் குடுத்துக்கலாம்.

நான் உங்க பின்னாலயே நின்னுக்கறேன். அந்தச் சாக்கை என்கிட்டக் குடுங்க. தோள்ல போட்டுக்கறேன், உங்ககூட வந்த ஆளுன்னு நினைச்சுக்குவா. கதவைத் திறக்கற வரைக்கும் போதுங்க.